பூனைக்கு வாரக்கணக்கில் வயிறு சரியில்லை என்றால்

பூனை எப்போதாவது ஒருமுறை வாந்தி எடுப்பதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. மலம் இரண்டு நாள் கூழாகப் போய்த் தானாகவே கட்டிப்படுவதும் உண்டு. ஆனால் வாந்தியோ பேதியோ விட்டு விட்டு மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் அது நாள்பட்ட கோளாறு, அதைக் கையாளும் முறையே வேறு. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் குழப்பம் ஆரம்பிக்கிறது. திங்கட்கிழமை ஒரு பிராண்ட் உணவு, வியாழக்கிழமை இன்னொன்று, நடுவில் யாரோ சொன்ன ஒரு பவுடர், வார இறுதியில் வேகவைத்த கோழி. பூனை தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, மோசமானாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சரி, முதலில் காத்திருக்கவே கூடாத நேரங்கள். பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை பட்டினி போட்டால் வயிறு ஆறிவிடும் என்று நமக்குச் சொல்லும் கை வைத்தியம் பூனைக்குப் பொருந்தாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு, குட்டிப் பூனைக்குப் பேதி, இதெல்லாம் அன்றைக்கே கிளம்ப வேண்டியவை. ஆண் பூனை லிட்டர் டிரேயில் முக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள், சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அது நடு ராத்திரியானாலும் அவசரம்தான்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று உண்டு: பூச்சரத்தின் நூல். சாமி படத்திலிருந்து கழற்றிய மல்லிகைச் சரத்தைப் பூனை இழுத்து மென்று நூலை விழுங்கிவிடும், அது குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். நாக்குக்கு அடியிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் லில்லிப் பூவும் அப்படித்தான், அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பெனடால் துளிகூடக் கொடுக்கக் கூடாது, அதிலுள்ள பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

அவசரம் எதுவும் இல்லையென்றால் ஒரு நோட்டை எடுங்கள். தேதி, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, மலம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். மலத்தைப் போட்டோ எடுப்பது அருவருப்பாக இருக்கும்தான், ஆனால் மருத்துவருக்கு உங்கள் வர்ணனையைவிட அதுதான் உதவும். அடிக்கடி ஓடி ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடும் சிவப்பு ரத்தத்தோடும் போனால் கோளாறு பெருங்குடல் பக்கம். நிறைய நிறையப் போய், எடையும் குறைந்தால் சிறுகுடல் பக்கம். வாந்தியையும் வீடியோ எடுங்கள்: வயிறு குலுங்கி, ஓங்கரித்து வருவது வேறு, குலுக்கலே இல்லாமல் தின்றது அப்படியே வழுக்கி வெளியே விழுவது வேறு. முடி உருண்டைதான் என்று வாரத்துக்கு இரண்டு முறை வரும் வாந்தியைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. அவ்வளவு அடிக்கடி வந்தால் அது முடி மட்டுமில்லை.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள். குழந்தைகளுக்கான எடைக்கருவி இருந்தால் நல்லது, ஏனென்றால் 4 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது உடம்பில் 5 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் மலப் பரிசோதனை. காலையில் போன புதிய மலத்தில் கொஞ்சம் எடுத்து மூடிய டப்பாவில் போட்டு, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில், சாப்பாட்டுப் பொருளுக்குத் தள்ளி வையுங்கள், நம் ஊர்ச் சூட்டில் மேசையில் வைத்தால் பயனில்லாமல் போய்விடும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிவராது, அதனால் ஒருமுறை இல்லை என்று வந்துவிட்டால் விட்டுவிடாமல் வேறு வேறு நாள் மாதிரிகள் கொடுங்கள். பல பூனைகளோடு வளர்ந்த இளம் பூனைக்கு ட்ரைட்ரைகோமோனாஸ் என்ற கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிசிஆர் சோதனைதான் சரி, சாதாரணப் பூச்சி மாத்திரைக்கு அது அசையாது. பூனை பல்லி பிடித்துத் தின்னும் ரகமா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பல்லி வழியாகப் பரவும் கல்லீரல் புழு ஒன்று வெப்ப நாடுகளில் உண்டு, வாந்தி, பசியின்மை, மஞ்சள் காமாலை என்று காட்டும்.

போகிற போக்கில் ஒன்று. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு, வீட்டுக்கு இரண்டு வரை, உரிமம் எடுத்து. முன்பு போல ஒளித்து வைக்கிறோமே என்று மருத்துவரிடம் மென்று விழுங்க வேண்டியதில்லை, எத்தனை பூனை, எங்கிருந்து வந்தது, எல்லாம் சொல்லுங்கள்.

ஒட்டுண்ணி இல்லை என்றால் அடுத்தது உணவுச் சோதனை. நிறைய பூனைகளுக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது, ஆனால் நிறைய வீடுகளில் தோற்பதும் இதில்தான். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. அதனால் வயிறு சரியில்லையா, கோழி வேகவைத்துக் கொடு என்பது எல்லாப் பூனைக்கும் மருந்து ஆகாது, சிலவற்றுக்கு அதுவே வினை. மருத்துவர் பரிந்துரைப்பது இரண்டில் ஒன்றாக இருக்கும்: பூனை இதுவரை சாப்பிடாத முயல், மான் மாதிரியான இறைச்சி, அல்லது உடம்பு அடையாளம் காண முடியாத அளவுக்குப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவு. பழைய உணவோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். அதன்பிறகு அது மட்டும்தான். வயிற்றுக் கோளாறு உணவால்தான் என்றால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வித்தியாசம் தெரியும்.

அது மட்டும்தான் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. பாட்டி தன் தட்டிலிருந்து ஒரு வாய் தயிர் சோறு வைப்பார், பிள்ளைகள் டியூப்பில் வரும் கிரீமை நக்கக் கொடுப்பார்கள், பணிப்பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், எதிர்வீட்டு ஆன்ட்டி தாழ்வாரத்தில் கிண்ணம் நிறைய வைத்திருப்பார். ஒரு வாய்தானே என்பார்கள். அந்த ஒரு வாயில் சோதனை முழுவதும் வீண், மறுபடி முதலிலிருந்து. கோழிச்சுவை சேர்த்த பூச்சி மாத்திரையும், முடி உருண்டைக்கான பேஸ்ட்டும்கூட இதில் சேர்த்தி. ஃபிரிட்ஜ் கதவில் எல்லோருக்கும் புரியும் மொழிகளில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் தனித்தனி அறையில் கதவைச் சாத்திச் சாப்பாடு வையுங்கள். பூனை தேறியதும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், மனசு வராது, ஆனால் கோளாறு திரும்பி வந்தால்தான் அந்த உணவே காரணம் என்று உறுதியாகும்.

பால் வேண்டாம், வளர்ந்த பூனை பலவற்றுக்கு அது செரிக்காது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, ரசம் எதுவும் வேண்டாம், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்து மசித்த பூசணி ஒரு தேக்கரண்டி, அல்லது சிட்டிகை இசப்கோலைத் தண்ணீர் கலந்து டின் உணவோடு கொடுப்பது, பெருங்குடல் வகைக்குச் சில சமயம் உதவும், மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பகலில் 31, 32 டிகிரி சூட்டில் டின் உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மலிவு என்று பெரிய மூட்டை உலர் உணவு வாங்கிப் பல மாதம் திறந்து வைத்தால் கொழுப்பு கெட்டுச் சிக்குவாடை வரும், சின்னப் பையாகவே வாங்கி, பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

உணவிலும் சரியாகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 அளவையும் கேளுங்கள், குடல் கெட்ட பூனைகளுக்கு அது குறைந்துபோகும், குறைந்திருந்தால் மற்ற சிகிச்சை சரியாக வேலை செய்யாது. நாள்பட்ட குடல் அழற்சியா, மெதுவாக வளரும் லிம்ஃபோமா என்ற புற்றுநோயா என்பதை ஸ்கேன் மட்டும் பிரித்துச் சொல்லாது, திசு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். செலவும் சில ஆயிரம் வெள்ளியைத் தொடக்கூடும், முன்கூட்டியே மதிப்பீடு கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிம்ஃபோமா என்ற பெயரைக் கேட்டதும் கையும் ஓடாது காலும் ஓடாது, ஆனால் இந்த மெதுவான வகையோடு மாத்திரையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் பூனைகள் உண்டு.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பூனை தேறிவிட்டதே என்று நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எந்த மாத்திரை கொடுத்தாலும் உடனே ஒரு ஸ்பூன் டின் உணவோ, சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரோ கொடுத்துவிடுங்கள், உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.