‘வை’ என்றால் எப்போதும் ‘கீப்’ இல்லை

“சாவியை மேசை மேல் வை.” இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் யோசிக்காமல் “கீப் த கீ ஆன் த டேபிள்” என்போம். நமக்குள் பேசும்போது இதில் குழப்பமே வராது. வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போதுதான் சிக்கல்.

ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்கிற அந்த ஒரு நொடிச் செயலுக்கு அவர்கள் சொல்வது ‘புட்’. ‘கீப்’ என்பது அதற்கு அப்புறம் நடப்பது: வைத்திருப்பது, வைத்துக்கொள்வது. தமிழே இந்த வித்தியாசத்தை ‘இரு’, ‘கொள்’ என்று சேர்த்து அழகாகக் காட்டிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதித் தவறு போய்விடும்.

ஒரு லாட்ஜ் வரவேற்பறையை நினைத்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, விருந்தினரின் பை பக்கத்திலேயே வைத்துவிட்டு, “ஐ ஹேவ் கெப்ட் யுவர் பாஸ்போர்ட், சார்” என்கிறார் ஊழியர். அவர் சொல்ல நினைத்தது “வைத்துவிட்டேன்”. வந்தவர் காதில் விழுவது “நானே வைத்துக்கொண்டேன்”. பதறாமல் என்ன செய்வார்?

போனும் அப்படித்தான். “சரி, போனை வை” என்பதை “கீப் த போன்” என்றால், “போனை நீயே வைத்துக்கொள்” என்றாகிவிடும். அதற்கு ‘ஹேங் அப்’. சுவரில் இருந்த பழைய போனில் ரிசீவரைக் கொக்கியில் மாட்டுவார்களே, அதிலிருந்து வந்தது. பொட்டு வைப்பது, பெயர் வைப்பது, குழம்பு வைப்பது எதற்குமே ‘கீப்’ ஒத்துவராது.

இன்னொரு வினைச்சொல்லோடு சேரும்போது ‘கீப்’ நம் ‘கொண்டே இரு’ ஆகிவிடும். “கீப் ட்ரையிங்”: முயன்றுகொண்டே இரு. இதில் ‘இங்’ கட்டாயம். “கீப் ட்ரை”, “கீப் டு ட்ரை” இரண்டும் தவறு. ஒரு சின்ன எச்சரிக்கை: “ஹி கீப்ஸ் காலிங் மீ” என்றால் பெரும்பாலும் அலுப்பு தொனிக்கும், “சும்மா சும்மா கூப்பிடுகிறார்” என்பதுபோல. மேலதிகாரியைப் பற்றிச் சொல்லும்போது கவனம்.

ஒரு பெண்ணை ‘கீப்’ என்று குறிப்பிடுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மனுஷியைப் பொருளாக்குகிற சொல் அது. இங்கிலீஷிலும் வேண்டாம், தமிழிலும் வேண்டாம்.

அதற்காக, பொருளும் இடமும் சேர்ந்து வந்தாலே ‘கீப்’ தவறு என்று பயந்துவிடாதீர்கள். வழக்கமாக வைக்கிற இடத்துக்கு அதுதான் சரியான சொல். உங்கள் சமையலறையில் நின்று ஒருவர் “வேர் டூ யூ கீப் த சுகர்?” என்று கேட்கலாம். சர்க்கரை டப்பா எப்போதும் எந்த அலமாரியில் இருக்கும் என்று கேட்கிறார். காலையில் கழற்றிய கண்ணாடியைத் தேடும்போது மட்டும் “வேர் டிட் ஐ புட் மை கிளாசஸ்?”