ஞானஸ்நானத்திற்கு ஆயத்தப்படுவது எப்படி: பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயது வந்தபின் ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்கள் ஆயரிடம் பெரும்பாலும் தேதியைத்தான் முதலில் கேட்கிறார்கள். தேதியைப் பிறகு குறித்துக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்கும்போது தமக்கு என்ன நேரிடுகிறது என்பதை அறிந்து இறங்குவதே ஆயத்தத்தின் முதல் வேலை.

அதற்கு ரோமர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தை, முதல் 14 வசனங்களையாவது, அவசரமில்லாமல் பல நாள் வாசியுங்கள். ஞானஸ்நானம் பாவங்களைக் கழுவுகிறது என்று நாம் கேட்டிருக்கிறோம். அது உண்மை, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலிடம் அனனியா என்ற சீஷர் சொன்னதும் அதுவே. ஆனால் பவுல் அந்த அதிகாரத்தில் இன்னும் ஆழமாகப் போகிறார். கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவருடைய மரணத்தில் சேர்க்கப்பட்டு, அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு, அவர் உயிர்த்தெழுந்தபடியே புதிய வாழ்வில் நடக்க எழுப்பப்படுகிறார்கள் என்கிறார். ஆகவே பழைய வாழ்வில் எவற்றையெல்லாம் அடக்கம்பண்ண வேண்டியிருக்கிறது என்பதை ஒரு தாளில் மனந்திறந்து எழுதி, ஜெபத்தில் வைத்து, தேவைப்பட்டால் ஆயரோடு தனியே பேசுங்கள். நான் அறிந்தவரையில் இதைவிடப் பயனுள்ள ஆயத்தம் வேறில்லை.

அடுத்து, ஆராதனை முறைமையில் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி வாசியுங்கள். பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறாயா என்ற கேள்வி மிகப் பழமையானது. 4-ஆம் நூற்றாண்டில் எருசலேம் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் முதலில் மேற்கே திரும்பி, கையை நீட்டி, சாத்தானை நேருக்கு நேர் மறுதலித்தார்கள். பின்பு கிழக்கே திரும்பித் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டு, மும்முறை தண்ணீரில் அமிழ்ந்து எழுந்தார்கள். அந்தத் தண்ணீர் அவர்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது என்று அந்நகரின் பேராயர் சிரில் அவர்களுக்குப் போதித்தார். நீங்கள் சொல்லப்போகும் ‘விட்டுவிடுகிறேன்’ என்ற பதிலும் அதே பொருளுடையது என்பதால், அதை வாயளவில் சொல்லிவிடாதீர்கள்.

அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்யுங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற அதன் மூன்று பகுதிகளும் ஆதியில் ஞானஸ்நானக் கேள்விகளிலிருந்தே உருவாயின. கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் கூடவே கற்றுக்கொள்ளலாம்.

தண்ணீரின் அளவைக் குறித்து மனம் கலங்க வேண்டாம். தொடக்கத் திருச்சபையின் கையேடான ‘திதாகே’, ஓடுகிற தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடுக்கலாம், போதிய தண்ணீரே இல்லையென்றால் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையின்மேல் மும்முறை ஊற்றலாம் என்கிறது. முழுகினால் மட்டுமே ஞானஸ்நானம் என்று பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகள் போதிக்கின்றன. கத்தோலிக்க, லுத்தரன் சபைகளில் ஊற்றுவதே பெருவழக்கு. உங்கள் சபையின் முறைக்குக் கீழ்ப்படிவதே நல்லது. ஞானஸ்நானம் பெறுகிறவர் ஓரிரு நாள் முன்பே உபவாசிக்க வேண்டும் என்றும், கொடுப்பவரும் உபவாசிக்கட்டும் என்றும் அதே கையேடு சொல்கிறது. உடல்நலம் இடம்கொடுத்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

முழுக்கு ஞானஸ்நானமானால், நனைந்தால் உடலோடு ஒட்டாத கனமான பருத்தி உடையை அணிந்து, மாற்றுடையும் துண்டும் எடுத்துச் செல்லுங்கள். போதகர் உங்களைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உடலை அவர் கையில் விட்டுவிடுங்கள். பயந்து விறைத்துக்கொண்டால் இருவருக்குமே சிரமம்.

குழந்தைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அதை ஆயரிடம் மறைக்காதீர்கள். தண்ணீரால், திரியேக தேவனின் நாமத்தில் முறையாகக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைப் பல திருச்சபைகள் மறுபடியும் கொடுப்பதில்லை. அந்தச் சபைகளில் உங்களுக்குரிய வழி திடப்படுத்தலாகவோ (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் ஆராதனை) விசுவாச அறிக்கையாகவோ இருக்கலாம். பழைய சான்றிதழ் கையில் இல்லையென்றால், ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

ஆராதனை முடிந்தபின் பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆலயத்தில் திருமணம் நடக்கும்போது அதைக் கேட்பார்கள். திருவிருந்தில் எப்போது பங்குபெறலாம் என்பதையும் அப்போதே ஆயரிடம் கேட்டுவிடுங்கள். கத்தோலிக்க முறையில் பெரியவர்கள் பொதுவாக அதே வழிபாட்டில் உறுதிப்பூசுதலும் (திடப்படுத்தல்) நற்கருணையும் (திருவிருந்து) பெறுகிறார்கள். மற்றச் சபைகளில் இதற்கான ஒழுங்கு சபைக்குச் சபை வேறுபடும்.