எண்ணிவிட்டு வரையுங்கள்: செம்பருத்தியின் தாவரவியல் ஓவியம்

அழகுக்காக வரையும் பூவுக்கும் தாவரவியல் ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு, படத்தைப் பார்ப்பவர் அந்தச் செடி இன்னதென்று ஐயமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள் ஏராளமான செடிகளை வரைந்தார்கள். கிளையின் படத்தோடு, பிரித்தெடுத்த பூவின் உறுப்புகளும் பல தாள்களில் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அந்த முறையில் முதல் படம் வரைய, பள்ளித் தாவரவியலில் நாம் எல்லோரும் பிரித்துப் பார்த்த செம்பருத்தியே ஏற்றது.

தேவையானவை: எச்பி, 2எச் பென்சில்கள், வழவழப்பான தடித்த தாள், நீர்வண்ணம், நுனி கூர்மையான சிறு தூரிகை, அளவுகோல், உருப்பெருக்கி, சவர பிளேடு.

முதலில், காலையில் விரிந்த ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூக்கள் இரண்டை, ஒன்றை மொட்டும் இலைகளும் உள்ள கிளையோடு பறித்துக்கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்போல மாறியிருக்கும் என்பதால், தொடங்குபவருக்கு அது குழப்பம் தரும். கிளையை நீரில் நிறுத்தி, ஒளி இடப்பக்க மேலிருந்து விழுமாறு வையுங்கள். பூ ஒரு பகல்தான் நிற்கும். மாலைக்குள் சுருண்டு நிறமும் மாறிவிடுமாதலால், வரையத் தொடங்கும் முன்பே இதழின் சிவப்பையும் அடிப்பகுதியின் கருஞ்சிவப்பையும் கலந்து, ஒரு துண்டுத் தாளில் பூசிப் பூவின் அருகே பிடித்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணுவது. இதற்கு அரை மணி நேரமானாலும் செலவிடலாம். என் கருத்தில் ஓவியத்தின் பாதி வேலை இதுதான். பூவின் அடியில் குறுகிய பச்சை மடல்களாக இருப்பது புறப்புல்லி வட்டம். அதன் மடல்கள் பெரும்பாலும் 6 அல்லது 7 இருக்கும், பூவுக்குப் பூ மாறவும் கூடும் என்பதால், நினைவிலிருந்து வரையாமல் கையிலுள்ள பூவில் எண்ணுங்கள். அதற்கு மேலே 5 நுனிகளுடன் குழலாக இணைந்த புல்லி வட்டமும், பிறகு 5 அல்லி இதழ்களும் உள்ளன. இந்த இதழ்களின் அடுக்கில்தான் தொடங்குபவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள்: ஓர் இதழை முழுதும் முன்னாலும் இன்னொன்றை முழுதும் பின்னாலும் வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வோர் இதழும் ஒரு விளிம்பால் அடுத்த இதழை மூடி, மறு விளிம்பால் முந்தைய இதழுக்கு அடியில் செல்லும். இதுவே திருகு இதழமைவு. மொட்டைப் பார்த்தால் அந்தத் திருகல் துலக்கமாகத் தெரியும்.

இனி இரண்டாவது பூவின் புல்லி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இதழ்களை மெல்ல இழுத்தால், அவை, மகரந்தத்தாள்கள் இணைந்து பூவின் நடுவே நீளும் மகரந்தக் குழலோடு ஒன்றாகக் கழன்று வரும், ஏனெனில் இதழ்களின் அடி அந்தக் குழலோடு ஒட்டியிருக்கிறது. குழலை பிளேடால் நீளவாக்கில் கீறினால், நடுவே சூலகத்தண்டு ஓடி, நுனியில் 5 சிவந்த சூலகமுடிகளாகப் பிரிவதைக் காணலாம். புல்லிக்குள் தங்கிய சூற்பையைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியால் பாருங்கள். 5 அறைகள் தெரியும்.

இப்போது வரையலாம். இதழின் நீளம், குழலின் நீளம், காம்பின் நீளம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் அளந்து, கிளையை இயல்பான அளவிலேயே 2எச் பென்சிலால் மெல்லிய கோடுகளில் அமைத்துக்கொள்ளுங்கள். குழல் பூவின் நடு மையத்திலிருந்தே எழ வேண்டும். அது சற்று விலகினாலும் பூ முழுவதும் கோணலாகத் தோன்றும். குறுக்குவெட்டையும் குழலின் பிளவையும் தாளின் கீழ்ப்பகுதியில் மும்மடங்கு பெரிதாக வரையுங்கள்.

வண்ணத்தை நீர்த்த நிலையில் தொடங்கி, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பின் அடுத்ததைப் பூசுங்கள். ஒளி படும் இடங்களில் வெள்ளை வண்ணம் தீட்டாமல் தாளையே விட்டுவைப்பது நல்லது. நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் சிவப்பு இறந்துவிடும். சிறிது பச்சையைக் கலந்தாலே போதிய ஆழம் கிடைக்கும். இதழ் நரம்புகளை இறுதியில் தூரிகை நுனியால் இழுத்து, இலை விளிம்பின் பற்களையும் அவை நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதையும் காட்டுங்கள்.

முடிந்ததும் செடியின் பெயர், பறித்த இடம், நாள், உறுப்புகளைப் பெரிதாக்கிய அளவு ஆகியவற்றைத் தாளின் அடியில் பென்சிலால் எழுதுங்கள். மறுநாள் காலை அதே செடியின் இன்னொரு பூவில் இதழ்கள் எந்தப் பக்கம் திருகியிருக்கின்றன என்று பார்த்து, அதையும் அருகில் குறித்துவையுங்கள்.