தசை களைத்த பிறகும் எண்ணிக்கொண்டே போகிறோம்

விடியற்காலையில் மெரினாவில் தண்டால் எடுப்பவர்களைச் சற்று நின்று கவனித்தால், முதல் பத்து வரை பலகைபோல் நேராக இருக்கும் உடல், பதினைந்தைத் தாண்டியதும் இடுப்பில் தொய்ந்து, தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்குவது தெரியும். எண்ணிக்கை மட்டும் நிற்பதில்லை. நாம் செய்யும் முதல் தவறு இதுதான்.

ஒரு தசை களைக்கும்போது, அதுவரை ஓய்ந்திருந்த அதன் பெரிய இழைகளை நரம்பு மண்டலம் வேலைக்கு இழுக்கிறது. அதுவும் போதாதபோது உடல் அசைவின் வடிவத்தையே மாற்றி, பக்கத்துத் தசைகளிடம் பாரத்தை ஒப்படைக்கிறது. டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது தோள்தசை ஓய்ந்துவிட்டால், கழுத்தடித் தசை தோளைத் தூக்கி உதவிக்கு வருகிறது. எடை மேலே போவதால் பயிற்சி நடப்பதாகவே தோன்றும்; மறுநாள் வலிப்பதோ கழுத்து. கண்ணாடியில் கையைப் பார்க்காமல், காதுக்கும் தோளுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாருங்கள். அது குறைந்தவுடன் அந்தச் சுற்றை முடித்துவிட வேண்டும்.

பஸ்கியில் இது இன்னும் கவலைக்குரியது. தொடையின் முன்தசை சோர்ந்ததும் பலர் தம்மையறியாமல் முன்னே குனிகிறார்கள்; பாரம் பிட்டத்துக்கும் கீழ்முதுகுக்கும் நகர்கிறது. எனக்கு வந்த முதுகுவலிக்கு நான் பல வாரங்கள் முதுகையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியில்தான், எட்டாவது பஸ்கிக்குப் பிறகு என் மார்பு தரையை நோக்கிச் சாய்வதைக் கண்டேன்.

பயிற்சிகளின் வரிசையிலும் பிழை நேர்கிறது. மேற்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸை முதலில் களைக்கச் செய்துவிட்டு, பலகையில் படுத்தபடி எடையை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் போனால், மார்பு சோர்வதற்குள் கை ஓய்ந்துவிடும். இரு கைகளையும் மார்புக்கு முன்னே சேர்த்து அழுத்தும் பெக் டெக் கருவியில் மார்பை முன்கூட்டியே களைக்க வைத்தால் பெஞ்ச் பிரஸ்ஸில் அது கூடுதலாக உழைக்கும் என்று ஜிம்களில் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. தசைகளின் மின்செயல்பாட்டை அளந்து பார்த்த ஆய்வில் ட்ரைசெப்ஸின் உழைப்புதான் கூடியது, செய்ய முடிந்த எண்ணிக்கையும் குறைந்தது.

அதிக எடையுள்ள சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வை விட்டுவிடுவதும், மார்கழியில் எட்டிய எண்ணிக்கையைக் கத்திரி வெயிலின் புழுக்கத்திலும் எட்டியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் இதே சிக்கலில்தான் கொண்டுவிடும். வெப்பத்தில் களைப்பு முன்னதாகவே வருகிறது. ஆகவே, அசைவு மாறும் இடமும் முன்னதாகவே வந்துவிடும்.