மங்கிய மண்டப ஒளியில் வரவேற்புப் படங்கள்: புதியவர்களுக்கு

மாலை நேரத் திருமண வரவேற்பில் மேடையில்தான் வெளிச்சம். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் முகம் கேமராவுக்குப் பாதி இருட்டு. அதற்குப் பயந்து ஃபிளாஷை நேருக்கு நேர் அடித்தால் முகம் வெளுக்கும், பூ அலங்காரம் பின்னால் கறுத்துப்போகும். மண்டபத்தின் வெளிச்சத்தையும் காப்பாற்ற வேண்டும், முகமும் தெளிய வேண்டும்.

1. புதிய கேமரா வாங்கும் முன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கிறது என்று பொருள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ், அதே 50 மி.மீட்டரில் பெரும்பாலும் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

2. மேனுவல் முறையில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/100 வினாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் பல வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு படத்துக்குள் வந்துவிடும். 1/250, 1/500 என்று போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், குறுக்கே பட்டைகளும் விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை இன்னும் மோசம், அதை அணைத்துவிடுங்கள்.

அதற்காக மிகவும் கீழே இறங்கவும் கூடாது. நான் எடுத்த முதல் வரவேற்பில், மணமகளின் பாட்டி பேத்தியின் கன்னங்களை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். 1/30இல் எடுத்திருந்தேன். முகம் இருந்தது, கைகள் புகையாகக் கலைந்திருந்தன. அந்தப் படத்துக்கு இன்றும் வருந்துகிறேன்.

3. மணமக்கள் இருவர் மட்டும் என்றால் எஃப் 2.2. உறவினர் இரண்டு வரிசையாக நின்றால் எஃப் 4, இல்லையென்றால் பின்வரிசை மங்கும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200, தேவைப்பட்டால் 6400. படத்தில் புள்ளி தட்டுவதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ரா கோப்பாகவே (கேமரா சுருக்கித் திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

4. ஃபிளாஷ் வேண்டுமென்றால் வெள்ளைக் கூரையிலோ பக்கச் சுவரிலோ பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். பெரிய மண்டபங்களில் கூரை எட்டாத உயரம். அங்கே ஃபிளாஷை ஸ்டாண்டில் பொருத்தி, ஒளியைப் பரப்பும் குடை வைப்பதுதான் வழி. மஞ்சள் விளக்குகள் அதிகமென்றால் ஃபிளாஷின் மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சுத் தாள் ஒட்டுங்கள், இரண்டு நிறமும் ஒத்துப்போகும்.

5. எனக்கு மிகவும் வேதனை தருவது வண்ண எல்.இ.டி. விளக்குகள். ஊதா வெளிச்சத்தில் அரக்குப் பட்டு கத்தரிக்காய் நிறமாகிவிடும், சரிகை மின்னாது, முகத்தில் நீலம் ஏறும். ஒரே நிறம் அளவு மீறி நிரம்பிவிட்டால் ரா கோப்பிலும் அதை மீட்க முடியாது. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் விளக்குக்காரரிடம் பேசுங்கள்: “அண்ணா, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியதும் பத்து நிமிடம் வெள்ளை விளக்கு மட்டும் போட்டுத் தாருங்கள்.” பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சேலையையும் நகையையும் நெருக்கத்தில் எடுத்துவிடுங்கள். வீடியோக்காரரின் விளக்கு முகத்துக்குப் பக்கவாட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

6. மொய்க் கவர் வரிசை நகரும்போது இடையிடையே கீழே இறங்குங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேடை வெளிச்சம் முகத்தில் படும் முன்வரிசைக் குழந்தைகளையும் பெரியவர்களையும் எடுங்கள்.

7. பந்தியில் குழல்விளக்கு மேலிருந்து விழுவதால் கண்ணுக்குக் கீழே நிழல் தங்கும், வாழையிலையின் பச்சையும் முகத்தில் ஏறும். சாப்பிடக் குனியும்போது எடுக்காதீர்கள். சாப்பிடுபவர்கள் பாயசம் பரிமாறுபவரை நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருங்கள்.