பில்டிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு வரப்போறீங்களா? நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு கல்யாண வீட்டு பந்தியில, எனக்கு பக்கத்து எலையில ஒரு பையன். தூரத்து சொந்தம், எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல கோணம் பாலிடெக்னிக்ல சிவில் முடிச்சிருக்கான். "மாமா, பில்டிங் இன்ஸ்பெக்டர் வேலைக்கு படிக்கலாம்னு இருக்கேன், வேலை கொள்ளாமா?"ன்னு கேட்டான். பருப்பு ஊத்திட்டு பப்படத்தை நொறுக்கிக்கிட்டு இருக்கேன், பாயசம் வர்றதுக்குள்ள இதுக்கு என்ன பதில் சொல்ல? அப்பறம் பேசலாம் மக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அதே வாரம் எங்க செக்ஷனுக்கு புதுசா வந்த தம்பி ஒருத்தன், நான் சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல பண்ணின அதே தப்பை அச்சு அசலா பண்ணிட்டு வந்து சிரிச்சிட்டே நின்னான் பாத்துக்கிடுங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதனாலயாக்கும் இதை எழுதுறேன்.

நேரத்துக்கு வா, ஃபைலை தொலைக்காதே, இதெல்லாம் எழுதப் போறதில்ல. அது எந்த வேலைக்கும் உள்ளதுதான்.

கான்கிரீட் செக் பண்ற வேலைன்னு நெனச்சுட்டு வர்றது

சிவில் படிச்ச பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த நெனப்பு உண்டு. கம்பி எத்தனை எம்எம், ரிங் எத்தனை இஞ்ச் இடைவெளி, எம் சாண்ட் நல்லதா, வார்ப்பு ஒழுங்கா போட்டாங்களா, இதையெல்லாம் நாம நின்னு பாக்கப் போறோம்னு. இல்ல. கட்டடம் நிக்குமா விழுமாங்கிறதுக்கு கையெழுத்து போடறது பதிவு பெற்ற இன்ஜினியர், பெரிய கட்டடம்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நகராட்சி, மாநகராட்சி இன்ஸ்பெக்டர் பாக்கறது வேற: அப்ரூவல் பிளான்ல உள்ள மாதிரி கட்டுறாங்களா, நாலு பக்கமும் விட வேண்டிய இடம் விட்டிருக்காங்களா, உயரம் எவ்வளவு, எத்தனை மாடி, வீடுன்னு அனுமதி வாங்கிட்டு கீழ கடை போடறாங்களா, முன்னால ரோடு எத்தனை அடி. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் நம்ம வேதப்புத்தகம்.

அதுலயும் பாதி நாள் சைட்லயே இருக்க மாட்டீங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல வந்த மனு, சி.எம். செல் (முதல்வர் தனிப்பிரிவு) மனு, 30 நாளைக்குள்ள பதில் போக வேண்டிய ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு, ஐகோர்ட்டு மதுரை பெஞ்ச்ல கேஸ்னா பேரா வைஸ் ரிமார்க்ஸ், அதாவது மனுவுல உள்ள ஒவ்வொரு பத்திக்கும் பதில். எழுத்து வேலை ஆகாதுங்கிறவன் இந்தப் பக்கம் வரவேண்டாம், உள்ளதைச் சொல்லுகேன்.

சைட்ல வேலை பாக்காம நேரா பரீட்சை எழுதி வர்றது

ரெண்டு வருஷம் ஒரு கான்ட்ராக்டர் கீழ வெயில்ல நில்லு. ஓஸ் மட்டம் (ஓஸ்ல தண்ணி நிரப்பி மட்டம் பாக்கறது) பிடிக்கத் தெரியாத இன்ஸ்பெக்டரை கொத்தனாரு ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாரு, அப்பறம் நீ என்ன சொன்னாலும் "ஓ, சரி சாரே"தான்.

வாயால சொல்லிட்டு வர்றது

இதாக்கும் விஷயம். இதுக்காகத்தான் இவ்வளவு நீட்டுறேன்.

பல வருஷம் முன்னாடி, ஊர் பேரு வேண்டாம், நான் வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. நாலரை செண்ட் மனை. குவைத்துல வேலை பாக்கற ஒருத்தர் வீடு கட்டுறாரு, ஒரு மாச லீவுல வந்து வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டாச்சு, பேஸ்மட்டம் ஏறியிருக்கு. நான் போய் டேப்பு போட்டு பாத்தேன். பிளான்ல மேற்கு பக்கம் 1.5 மீட்டர், அதாவது அஞ்சு அடி. அங்க இருந்தது ரெண்டே முக்கால் அடி. ஹாலை பெருசாக்கணும்னு சுவரை வெளிய தள்ளிட்டாங்க.

நான் என்ன பண்ணியிருக்கணும்? ஆபீஸுக்கு போய் அன்னைக்கே அளவோட ஒரு நோட்டு போட்டு, ஸ்டாப் ஒர்க் நோட்டீஸ் டிராஃப்டோட மேல அனுப்பியிருக்கணும். கையெழுத்து போடறது கமிஷனர்தான், ஆனா நாம எழுதி வைக்காம அவருக்கு எப்பிடி தெரியும்? நான் பண்ணினது என்னன்னா, அந்த குவைத்துக்காரரு மொகத்தை பாத்தேன். இன்னும் எட்டு நாள்ல ஃபிளைட்டு, வீட்டுல வயசான அம்மா, சாயா கொண்டு தந்தாங்க. "சேட்டா, இந்த சுவரை இடிச்சு உள்ள தள்ளிப்போடுங்க, அப்பறம் மேல ஏத்துங்க"ன்னு சொன்னேன். கான்ட்ராக்டரு "நாளைக்கே இடிச்சிருதேன் சாரே"ன்னாரு. நான் ஆபீஸ் வந்து ரெஜிஸ்டர்ல ரெண்டே வார்த்தை எழுதினேன்: "ஆய்வு செய்யப்பட்டது." அவ்வளவுதான். அளவு இல்ல, குறை இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நல்ல மனுஷனா நடந்துகிட்டோம்னு பெருமையா வேற இருந்துச்சு.

அப்பறம் எலக்ஷன் டூட்டி, அது முடிஞ்ச கையோட மழை. நம்ம ஊருக்கு ரெண்டு மழைக்காலம்லா, சொல்லவா வேணும். நான் திரும்பி அந்தப் பக்கம் போகவே இல்ல. மூணு மாசம் கழிச்சு பக்கத்து வீட்டு டீச்சர் மனு கொடுத்தாங்க, அவங்க வீட்டுக்காரர் இல்ல, தனியா ரெண்டு பிள்ளைகளோட இருக்கிறவங்க. சன்ஷேடு வெள்ளம் பூரா அவங்க அடுக்களை சுவர்ல விழுதுன்னு. போய் பாத்தா மேல் வார்ப்பே முடிஞ்சு பூச்சு வேலை நடக்குது. சுவர் அதே ரெண்டே முக்கால் அடியில. கான்ட்ராக்டரு என்னைய பாத்து, "நீங்க அப்பிடி ஒண்ணும் சொல்லலியே சாரே"ன்னாரு. கண்ணு சிமிட்டல கேட்டியளா.

டீச்சர் விவரமானவங்க. ஆர்டிஐ போட்டாங்க: எந்தெந்த தேதியில ஆய்வு பண்ணினீங்க, என்ன அளவு எடுத்தீங்க, என்ன நோட்டீஸ் கொடுத்தீங்க. பதில்ல என்ன போகும்? பேஸ்மட்டத்துல ஆய்வு செய்யப்பட்டது, நோட்டீஸ் எதுவும் இல்ல. அதாவது இன்ஸ்பெக்டர் வந்தான், பாத்தான், தப்பு ஒண்ணும் இல்லன்னு போனான். என் கையெழுத்தே எனக்கு எதிரா சாட்சி. மதுரை பெஞ்ச்ல ரிட் போட்டாங்க, எனக்கு 17(பி) சார்ஜ் மெமோ (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ) வந்துச்சு, விசாரணை அதிகாரி முன்னால நின்னு "வாயால சொன்னேன் சார்"னு சொன்னேன். அவரு கண்ணாடியை கழட்டி வச்சுட்டு "யாருகிட்ட சொன்னீங்க, அவரு வந்து சொல்லுவாரா?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னைக்கு வரை பதில் இல்ல.

ரெண்டு வருஷம் இன்கிரிமென்ட் கட். பிரமோஷன் லிஸ்ட்ல எனக்கு பின்னால சேர்ந்தவன் முன்னால போனான். அதுகூட போகட்டும். அந்த குவைத்துக்காரரு கடைசியில சன்ஷேடை வெட்டி, மேற்கு பக்க ரூமையே இடிச்சு சின்னதாக்கி, லட்சக்கணக்குல செலவு பண்ணினாரு. ஒருநாள் ஆபீஸ் வராண்டாவுல என்னைய பாத்து சொன்னாரு: "சார், அன்னைக்கே ஒரு பேப்பர் தந்திருந்தா நாலு வரி கல்லு மட்டும் போயிருக்கும்." அவரு மேல பரிதாபப்பட்டுதான் நான் பேப்பர் தரல! சாயா குடிச்ச கடனுக்கு அவரு ரூம்ல பாதியை நானே இடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. டீச்சருக்கு நாலு வருஷம் கோர்ட்டுல போச்சு.

இப்ப புதுசா வந்த தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? ரெண்டடி குறையுதுன்னு பாத்துட்டு வந்து, "சார், வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுட்டேன், ப்ளூ டிக் வந்துட்டு"ன்னான். லேய், ப்ளூ டிக்கை ஃபைல்ல எப்பிடிலே ஒட்டுவ?

அதனால கேளுங்க. போன அன்னைக்கே எழுதணும். தேதி, நேரம், கட்டடம் எந்த ஸ்டேஜ், நாலு பக்க அளவும் மீட்டர்ல, அங்க இருந்தது யாரு, கையெழுத்து போட்டாரா இல்ல மறுத்தாரா. மறுத்தா "கையெழுத்திட மறுத்தார்"னு எழுதினா போதும், சண்டை வேண்டாம். போட்டோவுல டேப்பு தெரியணும், டேப்புல நம்பர் தெரியணும், வெறும் சுவரை எடுத்து வச்சா அது யாரு வீட்டு சுவரும்தான். நோட்டீஸ் வாங்க மாட்டேன்னா பதிவோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க (பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல அதோட சேந்துட்டு), டெலிவரி ஆன அத்தாட்சி ஃபைல்ல இருக்கணும். சுவர்ல ஒட்டினா சாட்சி கையெழுத்து, அதுக்கும் ஒரு போட்டோ. முக்கியமா பேஸ்மட்டத்துலயே பிடிக்கணும், வார்ப்பு போட்டப்பறம் யாரும் மனசார இடிக்க மாட்டாங்க.

2024 டிசம்பர் 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அனுமதி இல்லாத கட்டடம் பத்தி கொடுத்த தீர்ப்புல, தப்பை கண்டுக்காம விட்ட அதிகாரி மேலயும் துறை நடவடிக்கை எடுக்கணும்னு தெளிவா சொல்லிட்டாங்க. இன்கிரிமென்ட் கட்டோட தப்பிச்ச என் காலம் இல்ல இது.

இடிக்கிறதுல வீரம் காட்டுறது

இது அதுக்கு நேர் எதிர். சில பேரு மெமோ பயத்துல நேரா ஜேசிபி கொண்டு போய் நிப்பாட்டுவான். 2024 நவம்பர் 13ஆம் தேதி தீர்ப்பு வேற உண்டு: இடிக்கிறதுக்கு முன்னாடி குறைஞ்சது 15 நாள் நோட்டீஸ், ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பணும், கட்டடத்துலயும் ஒட்டணும். மீறி இடிச்சா அதிகாரி சொந்தக் காசுல திரும்பக் கட்டிக் கொடுக்கணும். ரோடு, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்த தீர்ப்பு பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு. ரெண்டு தீர்ப்பையும் சேத்து படிங்க.

மதிலை எல்லைன்னு நம்புறது

பக்கத்துல விட்ட இடம் எவ்வளவுன்னு எதுல இருந்து அளக்குற? மதில்ல இருந்து அளந்தா போச்சு. நம்ம ஊருல மதில் எங்க நிக்கும், எல்லைக்கல்லு எங்க கிடக்கும்னு பத்மநாபசாமிக்குத்தான் தெரியும். எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (சர்வே துறையோட நில அளவு வரைபடம்) கையில வச்சுட்டு போங்க. மேற்கு பக்கம் விளவங்கோடு தாலுகா போனா, ஆதாரம் (அங்க நிலப்பத்திரத்துக்கு அப்பிடித்தான் பேரு) காட்டுன்னா மலையாளத்துல எழுதின திருவிதாங்கூர் காலத்து பத்திரத்தை எடுத்துட்டு வருவாங்க (புதுசா வந்த ஒரு தம்பி ஆதாரம் கேட்டப்ப, ஆதார் கேக்கறான்னு நெனச்சு ஒரு அம்மா அந்த கார்டை எடுத்துட்டு வந்ததும் உண்டு, தலைமுறை மாறிட்டு). பழைய சர்வே நம்பர் ஒண்ணு, ரீசர்வே நம்பர் வேற ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்காம வாயைத் திறக்கக்கூடாது.

எல்லை தகராறுன்னு தெரிஞ்சா நீங்க நாட்டாமை பண்ண வேண்டாம். அது சர்வேயருக்கும் சிவில் கோர்ட்டுக்கும் உள்ள வேலை. "இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு"ன்னு ஒரு பக்கத்துக்காரன் அரிவாளைத் தூக்கினா உங்களால தாங்காது.

மேப்பை பாக்காம கிளம்புறது

வேற மாவட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு இது முக்கியம். இங்க காலையில கடற்கரையில நிப்பீங்க, மத்தியானம் மலை அடிவாரத்துல நிப்பீங்க. கடலோரம்னா சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்), உச்ச அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் அந்த அறிவிக்கையை பாக்காம பேசக்கூடாது. மலைப்பக்கம் நெறைய கிராமம் ஹாகாவுக்குள்ள (HACA, மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம்) வரும், அங்க அனுமதிக்கு போற வழியே வேற. நடுவுல குளம், வாய்க்கால், திருவிதாங்கூர் காலத்து ஏவிஎம் கால்வாய். சரிவுல மண்ணை நேர்க்குத்தா வெட்டி வீடு கட்டியிருப்பாங்க, பிளான்ல எல்லாம் கரெக்டா இருக்கும், ஆனா பின்னால பத்தடி மண்சுவர் தலைக்கு மேல நிக்கும். 2021 நவம்பர் மழையை பாத்தவங்க அதை சும்மா கடந்து போக மாட்டாங்க. விதியில இதுக்கு இடம் இல்லாட்டாலும் ரிமார்க்ஸ்ல எழுதுங்க.

சொந்த ஊருல போஸ்டிங் கேக்கறது

கேக்காதே. கல்யாண வீட்டுல நிம்மதியா பாயசம் குடிக்க முடியாது.

லஞ்சம்

இதையும் நான் சொல்லணுமாடே? குறைஞ்சது மூணு வருஷம் ஜெயிலு.

செல்ஃப் சர்டிபிகேஷன் வந்துட்டு, இனி இன்ஸ்பெக்டர் எதுக்குன்னு நினைக்கிறது

2024 ஜூலையில இருந்து 2500 சதுர அடி வரை உள்ள மனையில 3500 சதுர அடிக்குள்ள வீடுன்னா, ஆன்லைன்ல சுயசான்று கொடுத்து உடனே அனுமதி எடுத்துக்கலாம், முன்கூட்டி சைட் ஆய்வு கிடையாது. இதை வச்சு அந்த கல்யாண வீட்டு பையன், "அப்பம் வேலை குறைஞ்சிருமே மாமா"ன்னு கேப்பான். குறையாது மக்கா, இடம் மாறும். முன்னாடி நாம பாத்துட்டு அனுமதி, இப்ப அனுமதி ஆனப்பறம் பக்கத்து வீட்டுக்காரன் மனு. பேஸ்மட்டத்துல தப்பை பிடிக்கிற வாய்ப்பு குறையுது, அதனால மனு வந்த அன்னைக்கே போய் அளந்து எழுதறவனுக்குத்தான் மதிப்பு.

இன்னொண்ணு, அதே மாற்றத்தால வெளிய பதிவு பெற்ற இன்ஜினியரா இருக்கிறவங்களுக்கு நல்ல வேலை ஓடுது. எழுத்து வேலை பிடிக்கல, சைட்தான் பிடிக்கும்னா அந்தப் பக்கம் போறது கொள்ளாம். கல்ஃப்ல போர்மேனா போன உன் கூட்டாளி சம்பளத்தோட இதை ஒப்பிட்டா நீ தினமும் அழுவ, அதையும் இப்பமே யோசிச்சுக்கோ. பென்ஷன், வீட்டு சாப்பாடு, ராத்திரி சொந்தக் கட்டில், இதெல்லாம் அந்த கணக்குல சேக்கணும்னா சேத்துக்கோ. நான் சேத்தேன். மெமோ வந்த ரெண்டு வருஷம் தவிர பெருசா வருத்தம் இல்ல.

சைட்டுக்கு செருப்பு போட்டுட்டு போறது

சென்ட்ரிங் பலகை பிரிச்ச இடத்துல ஆணி மேல பாத்துட்டு கிடக்கும். ஷூ வாங்கு. அஞ்சு மீட்டர் டேப்பு பத்தாது, முப்பது மீட்டர் ஒண்ணும் சேத்து வாங்கு.