ஒரே ரூமில் வீடும் ஸ்டூடியோவும்: பெங்களூரு மொட்டைமாடி ரூமைப் படம் வரையத் தயார் செய்வது எப்படி

ஓவியர் குடியிருந்துகொண்டே வரையும் லாஃப்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூயார்க் சோஹோவின் பழைய தொழிற்சாலை மாடிகள். பெரிய பெரிய ஜன்னல்கள், எட்டாத உயரத்தில் கூரை, ஒரு மூலையில் கட்டில், நடுவில் படத்தைத் தாங்கும் ஈஸல். பெங்களூரில் நமக்குக் கிடைப்பது என்னவோ அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் ஒற்றை ரூம்தான். பரவாயில்லை, அதிலும் நடக்கும். ஆனால் ரூமில் முதல் உரிமை ஈஸலுக்கு என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கட்டில், அடுப்பு, பீரோ எல்லாம் அது விட்டுவைத்த இடத்தில்தான். தூங்க வெளிச்சம் தேவையில்லை, வரையத் தேவை.

படி 1: வெளிச்சத்தைப் பாருங்கள்

சாமான் எதையும் ஏற்றாமல், காலியான ரூமில் காலை முதல் மாலை வரை ஒரு நாள் இருந்து பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

வடக்கு ஜன்னல்தான் ஓவியருக்கு நல்லது, நேர் வெயில் வராது என்று எல்லாரும் சொல்வார்கள். ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் வந்த பேச்சு அது. பெங்களூரு இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே நுழையும். அதனால் வடக்கு ஜன்னலை எடுங்கள், கூடவே ட்ரேசிங் பேப்பரோ வெள்ளை மல் துணியோ வாங்கிச் சட்டத்தில் கட்ட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எதிர்வீட்டுச் சுவரின் நிறத்தையும் பாருங்கள். அது கிளிப்பச்சை என்றால் உங்கள் கேன்வாஸிலும் கொஞ்சம் கிளிப்பச்சை விழும். முகம் வரையும்போதுதான் அந்தத் தொல்லை தெரியும். உள்சுவர் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும்.

படி 2: ஈஸலுக்கு இடம்

வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் படத்தின் மேலேயே விழும். மூன்றடிப் படத்தை முழுசாகப் பார்க்க ஆறேழு அடியாவது பின்னால் போக வேண்டும். சின்ன ரூமில் அது முடியாதா? எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, அதில் படத்தைப் பாருங்கள். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இடம் வலம் மாறித் தெரிவதால் மூக்கு கோணலாக இருப்பதும் உடனே கண்ணில் படும். இடம் தாராளமாக உள்ளவர்களும் செய்யும் வேலைதான் இது.

படி 3: பரண் கட்டில் வேண்டுமா?

மேலே படுக்கை, கீழே ஈஸல் என்று போட்டோக்களில் பார்க்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை பத்தடி. நிமிர்ந்து உட்கார மூன்றரை அடி, சட்டமும் மெத்தையும் சேர்ந்து முக்கால் அடி. கீழே மிஞ்சுவது ஐந்தே முக்கால் அடி. நின்று வரைய அது பற்றாது. அங்கே மேசை போடலாம், படங்களைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கலாம். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் தரையிலிருந்து ஒரு கட்டை உயர்த்தி வையுங்கள்.

கட்டிலைச் சுவரில் துளை போடாமல், தானே நிற்கும் இரும்புச் சட்டமாக வெல்டிங் கடையில் செய்யச் சொல்லுங்கள். சீலிங் ஃபேன் இறக்கை பரணுக்குப் பக்கத்தில் வந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கை நீட்டுவோம். ஷீட் கூரை ரூம் என்றால் பரணே வேண்டாம், ஏப்ரலில் வெந்துபோவீர்கள்.

படி 4: வாசனையும் நெருப்பும்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சமையலும் படுக்கையும் ஒரே ரூமில் இருப்பவர் ஆயில் பெயிண்ட்டில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அக்ரிலிக்கோ வாட்டர் கலரோ போதும். ஆயில்தான் வேண்டும் என்பவர்கள், பெயிண்ட்டைக் கரைக்கும் டர்பன்டைனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே தீப்பொறி பட்டால் பற்றும், காற்றை விடக் கனம் என்பதால் தரையோடு தங்கும். நாம் பாய் விரிப்பதும் அங்கேதான், சிலிண்டர் அடுப்பை வைப்பதும் அங்கேதான். பிரஷ்ஷை முதலில் எண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால் சுத்தமாகிவிடும்.

ஆயில் பெயிண்ட்டில் இருக்கும் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) துடைத்த துணியிலும் கவனம் வேண்டும். அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அப்போது சூடு கிளம்பும். கசக்கி மூலையில் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஆகவே துணியை விரித்து வெளியே கொடியில் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகு குப்பைக்கு. இல்லையென்றால் மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வையுங்கள். சோஹோவில் 1961-லிருந்து ஓவியர் குடியிருந்த கட்டடங்களின் வெளியே ‘ஏ.ஐ.ஆர்.’ (ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ், அதாவது ஓவியர் குடியிருக்கிறார்) என்று பலகை மாட்டினார்கள். தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பது தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

படி 5: தண்ணீர்

பிரஷ்ஷைச் சமையல் சிங்க்கில் கழுவக் கூடாது. கேட்மியம் என்ற உலோகம் சேர்ந்த நிறங்கள் விஷம், அக்ரிலிக் குழாயை அடைக்கும். தனி பக்கெட் வையுங்கள். ஒரு ராத்திரி விட்டால் வண்டல் அடியில் தங்கும், தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். டீ டம்ளரையும் பிரஷ் டம்ளரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

படி 6: ராத்திரி விளக்கு

எஸ்.பி. ரோட்டில் எல்.இ.டி. வாங்கும்போது வாட்ஸ் மட்டும் பார்க்காமல் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேலா, வெளிச்சத்தின் நிறம் 4000-லிருந்து 5000 கெல்வினுக்குள்ளா என்று கேளுங்கள். படுக்கைப் பக்கம் மஞ்சள் பல்பே போதும்.

படி 7: ஓனரும் மாடிப்படியும்

காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பெங்களூரு வழக்கம். நம் தரையைப் பார்த்தால் இன்னும் கூடக் கேட்பார்கள். குடிவந்த அன்றே தரைக்கு வினைல் ஷீட் விரித்து, ரூம் முழுக்கப் போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். படம் வரைவதை முதலிலேயே சொல்லிவிடுவதும் நல்லது.

கேன்வாஸ் வாங்குவதற்கு முன் மாடிப்படியின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். ஜனவரியில் குமாரகிருபா ரோட்டில் நடக்கும் சித்திர சந்தை என்ற ஓவியச் சந்தைக்குப் படத்தை இறக்க வேண்டியிருக்கும். திருப்பத்தில் நுழையாத படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டித்தான் கொண்டுபோக முடியும். நன்றாகக் காய்ந்த பிறகு, வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, தடித்த குழாயின் மேல் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் விரிக்கும்போது பெயிண்ட் வெடிக்கும்.